நாலு கை ஸ்வெட்டர் சடைச்சி

சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் தலையில் மிச்சமிருக்கும் பதினோரு முடியும் இந்த நிமிஷமே கொட்டிப்போகட்டும். என்ன, எண்ணிப் பார்க்கிறீர்களா? பாருங்கள். காற்று அடிக்கிறது, முடி ஆடுகிறது, ஒன்றுகூட விழவில்லை. இதற்குமேல் சாட்சி வேண்டுமானால் நீங்கள் கதை கேட்க வந்தவரில்லை, வழக்கு நடத்த வந்தவர்.

ஒரு காட்டில் சடைச்சி என்றொரு செம்மறியாடு இருந்தாள். அந்தக் காட்டுக்குக் கீழ்க்காடு என்று பெயர். வெயில் மண்டையைப் பிளக்கும். அவளுடைய ஒரே மகள் பூவாத்தாவை ஆற்றுக்கு அப்பால், மலைமேல் இருக்கும் மேல்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். அங்கே வருஷத்தில் எட்டு மாதம் பனி.

பூவாத்தாவுக்கு இப்போது நிறைமாதம். தலைப்பிரசவம். மேல்காட்டுப் பனியில் பிறக்கும் குட்டி, முதல் மூன்று நாள் யாருடைய கம்பளிக்குள்ளாவது ஒடுங்கிக் கிடந்தால்தான் பிழைக்கும். பூவாத்தாவின் கம்பளியையோ, கல்யாணமாகிப் போனபோதே எல்லைச் சாவடியில் சிரைத்துவிட்டார்கள்; இன்னும் விரற்கடைதான் முளைத்திருக்கிறது. மாமியார்க்காரி வெள்ளையம்மாவின் கம்பளி அந்துப்பூச்சி அரித்துச் சல்லடையாகிவிட்டது. மாப்பிள்ளை கொம்பையா நல்ல கிடாதான், உடம்பு நிறையக் கம்பளியும் உண்டு. ஆனால் "பிரசவம் ஆகற இடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு மேயப் போய்விடுவான். ஆகவே நாலு நாளுக்குள் சடைச்சி போய்ச் சேர வேண்டும், கம்பளியோடு போய்ச் சேர வேண்டும்.

சாவடியில் ஏன் சிரைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மேல்காட்டு மந்திகள் பாறையிலிருந்து பாசியைச் சுரண்டிச் சட்டை நெய்து விற்றுக்கொண்டிருந்தன. பச்சைப்பசேலென்று லட்சணமாகத்தான் இருக்கும். போட்டால் முதுகு வழியே தண்ணீர் ஒழுகும். கீழ்க்காட்டுக் கம்பளி வந்து இறங்கியதும் பாசிச் சட்டையைத் தொடுவாரில்லை. மந்திகள் கரடி ராஜாவிடம் போய், "உள்நாட்டுப் பாசித் தொழில் அழியுது ராஜா!" என்று மார்பில் அடித்துக்கொண்டன. பிறந்ததிலிருந்து ஒரு சட்டை போட்டறியாத கரடி, கம்பளிக்குத் தடை போட்டது. பதிலுக்குக் கீழ்க்காட்டுச் சிங்கம் மேல்காட்டுத் தேனுக்குத் தடை போட்டது. சிங்கம் பிறந்ததிலிருந்து தேனை நக்கியதில்லை. இரண்டு ராஜாக்களுக்கும் இதில் ஒரு நஷ்டமும் இல்லை என்பதால் இரண்டு தடையும் மலைபோல் அசையாமல் நின்றன.

ஆற்றுப் பாலத்தில் சாவடி. அங்கே அதிகாரி, உடும்பு ஏகாம்பரம். அவர் உடம்பில் பேருக்கு ஒரு ரோமம் கிடையாது. கம்பளி எது, களிமண் எது என்று தொட்டுப் பார்த்தால் அவருக்குத் தெரியாது. பதிவேட்டில் எழுதியிருந்தால் தெரியும்.

"என்னம்மா கொண்டு போறே?"

"ஒரு டப்பா பிரசவ லேகியம் சார். மகளுக்கு."

"அது கிடக்கட்டும். உடம்புல என்ன?"

சடைச்சி தன்னைத்தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "இது நான் சார்."

ஏகாம்பரம் அவளைத் தராசில் ஏற்றி, இறக்கி, கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "கச்சாக் கம்பளி, நாலரை கிலோ. சொல்லாமக் கொண்டு வந்திருக்கே. கச்சாக் கம்பளிக்கு முழுத் தடை. தைச்சுத் தயாரான ஆடைன்னாத்தான் விடலாம்."

"கொண்டு வரலை சார், முளைச்சது."

"எங்கே முளைச்சது?"

"கீழ்க்காட்டுல."

"அப்ப இறக்குமதிதான். கத்தரி அதோ இருக்கு. சிரைச்சுப் போட்டுட்டுப் போ."

"சிரைச்சுட்டா நான் போறதே வீண் சார். குட்டியை இதுக்குள்ள வெச்சுத்தான் காப்பாத்தணும்."

"சிரைச்சாலும் இன்னிக்குப் போக முடியாது. கம்பளியை எடுத்துட்டா நீ தோல் பொருள். தோல் செக்‌ஷன் வேற. அந்த ஆள் லீவு."

"எப்ப வருவாருங்க?"

"அவரு ஆமை. லீவு முடிஞ்சு போன சித்திரையில கிளம்பிட்டதாத் தகவல்."

அந்த நேரம் பார்த்து ஓர் ஓநாய் சடைச்சியை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. உடம்பில் ஓர் ஆட்டுத் தோல் போர்த்தியிருந்தது. பல்லும் வாலும் வெளியே தெரிந்தன; மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை. தோலின் இடது தோளில் வெற்றிலை அகலத்துக்கு ஒரு கறுப்பு மச்சம். சடைச்சி எட்டிப் பார்த்தாள். போன ஆடியில் மேயப் போய்த் திரும்பாத அவள் கொழுந்தன் மாடசாமிக்கு அதே இடத்தில் அதே மச்சம்.

"சார்! அது என் கொழுந்தன் சார்!"

"குடும்பப் பேச்செல்லாம் வீட்டுல வெச்சுக்கம்மா," என்றார் ஏகாம்பரம்.

ஓநாய் படிவத்தை நீட்டியது. "பயன்படுத்திய ஆடை. சொந்த உபயோகம்."

"பயண நோக்கம்?"

"விருந்து."

"நல்லது. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும் சார். உடம்புல இருக்கறவரைக்கும் அது உங்க உடை. கழட்டிட்டா அது சரக்கு. பொத்தானும் இல்லை, அதனால கச்சாச் சரக்கு. பிடிச்சேன்னா விட மாட்டேன்."

"கழட்டுவேனா? எனக்குக் குளிர் ஆகாது," என்றது ஓநாய். போகிறபோக்கில் சடைச்சியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து உதட்டை நக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போயிற்று. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சடைச்சி பாலத்தோரம் உட்கார்ந்து அழுதாள். அங்கே தகரக் கூரைக்கடியில், படிவம் எழுதிக் கொடுக்கும் முள்ளம்பன்றி முத்துவீரு இருந்தான். அவனுக்குப் பேனாவுக்குப் பஞ்சமில்லை. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்குவான், எழுதுவான், எறிவான். சாவடியில் விதிகள் கூடக் கூட அவன் முதுகு வழுக்கையாகிக்கொண்டு வந்தது.

"எதுக்கக்கா அழறீங்க? ஆடுதான் போகக் கூடாது. ஸ்வெட்டர் போகலாம். நீங்க ஸ்வெட்டர் ஆயிடுங்க."

"நெய்யாத கம்பளி எப்படி தம்பி ஸ்வெட்டர் ஆகும்?"

"நெய்ததா இல்லையான்னு யாரு பார்க்கறாங்க? விதி எண் நாப்பத்தேழு: பொத்தான் இருந்தால் ஆடை. அவ்வளவுதான். அந்த ஆளுக்கு எண்ணத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது."

கூலி ஒரு கட்டு அகத்திக்கீரை என்று பேசி முடித்தார்கள். முத்துவீரு மூன்று புளியங்கொட்டையில் ஓட்டை போட்டு, கற்றாழை நாரால் அவள் வயிற்றோரக் கம்பளியில் வரிசையாகத் தைத்தான். காதில் ஒரு சீட்டைக் கட்டினான்: 'கையால் தயாரித்தது. நிழலில் உலர்த்தவும். முறுக்கிப் பிழியக் கூடாது.' கடைசி வரியைச் சடைச்சி காதை மடக்கி இரண்டு தரம் படித்தாள். இத்தனை வருஷத்தில் அவளை முறுக்கிப் பிழியக் கூடாது என்று ஒருத்தரும் எழுத்தில் கொடுத்ததில்லை.

"இனிமே பேசக் கூடாது, நடக்கக் கூடாது, புல்லைப் பார்த்தா எச்சில் ஊறக் கூடாது. நீங்க துணி," என்று சொல்லி, லேகிய டப்பாவை அவள் கம்பளிக்குள் செருகி, அவளைத் தள்ளுவண்டியில் மடித்துப் போட்டுக்கொண்டு சாவடிக்குப் போனான்.

ஏகாம்பரம் குனிந்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. சரி, ஆடை. இது என்ன, முகம் மாதிரி?"

"தொப்பி சார். கூடவே வரும்."

"கண்ணு?"

"அலங்காரம்."

"கை எத்தனை?"

"நாலு."

ஏகாம்பரத்தின் எழுதுகோல் நின்றது. அதுவரை ஸ்வெட்டர் என்றால் எல்லாக் காட்டிலும் இரண்டு கைதான். முன்னங்காலுக்கு மட்டும். பின்னங்கால் குளிரில் விறைக்கும். அதுதான் நாகரிகம் என்று சொல்லிக்கொள்வார்கள். "ஸ்வெட்டருக்கு ஏதுய்யா நாலு கை?"

"இந்த வருஷத்து டிரெண்டு சார். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாது என்று சொல்வதற்கா அதிகாரி வேலைக்கு வந்தார்? "தெரியும், தெரியும். நேத்தே கேள்விப்பட்டேன்," என்றார் ஏகாம்பரம். பதிவேட்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'நாலு கை ஸ்வெட்டர், ஒன்று. நடப்பு டிரெண்டு.' பிறகு கேட்டார்: "யாருக்குப் போகுது?"

"இவங்க மக பூவாத்தாவுக்கு…"

"துணிக்கு ஏதுய்யா மக? இறக்குமதி ஆடை லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் போகும். மேல்காட்டுல ஒரே லைசென்ஸ்தான். மந்தி மாசிலாமணி கடை."

இதைக் கேட்டதும் சடைச்சி பதறிப்போய் வாயைத் திறந்தாள். முத்துவீரு அந்த வாயில் சட்டென்று ஒரு கொத்து அகத்தியைத் திணித்து, "உள்பக்கத்துப் பை சார்," என்றான்.

மாசிலாமணி யார் தெரியுமா? கம்பளிக்குத் தடை வேண்டும் என்று ராஜா முன்னால் முதலில் மார்பில் அடித்துக்கொண்ட மந்தி. தடை வந்த மறுநாளே, தடையிலிருந்து தப்பிய கம்பளி ஆடைகளை விற்க லைசென்ஸ் வாங்கிய ஒரே மந்தியும் அவர்தான். இப்படியாகச் சடைச்சி பாலத்தைத் தாண்டினாள். தாண்டியவள் மகள் வீட்டுக்குப் போகவில்லை. மாசிலாமணி கடை முகப்பில் ஒரு கிளையில் தொங்கினாள்.

சாவடிப் பதிவேட்டில் எழுதுவதையெல்லாம் அன்றன்றைக்கே மரங்கொத்தி தட்டித் தட்டி மேல்காடு முழுக்கச் சொல்லிவிடும். வியாபாரிகளுக்கு அதுதான் சந்தை நிலவரம். "டொக் டொக்! நாலு கை ஸ்வெட்டர்! நடப்பு டிரெண்டு!" மறுநாள் காலை மாசிலாமணி கடை முன்னால் வரிசை ஆற்றங்கரைவரை நின்றது. இரண்டு கை ஸ்வெட்டர் வைத்திருந்தவர்கள் அதை ஒளித்து வைத்தார்கள். இரண்டே காலுள்ள கொக்கு, அதிலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கொக்கு, நாலு கை வேண்டும் என்று பெயர் கொடுத்தது. மலைப்பாம்பு வந்து, "நாலு கையும் சும்மா தொங்கினாத்தான் ஒரு எடுப்பு," என்றது.

இருநூறு பேர் பெயர் கொடுத்தார்கள். கடையில் இருந்ததோ ஒரே ஒரு சடைச்சி. புதிதாகப் பின்னலாம் என்றால் கச்சாக் கம்பளி வராது. வராமல் பார்த்துக்கொண்டவரே மாசிலாமணிதான். அவர் தலையைச் சொறிந்து ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'பழைய கம்பளி கொண்டுவந்தால் புதிய நாலு கை ஸ்வெட்டர். எந்த நிலையில் இருந்தாலும் ஏற்கப்படும்.' பழசைப் பிரித்துப் புதுசு பின்னுவதாகத் திட்டம்.

மூன்றாம் நாள் காலை வரிசையில் மாப்பிள்ளை கொம்பையா நின்றான். அம்மா வந்து சேரவில்லை, குட்டிக்கு ஒரு ஸ்வெட்டராவது வாங்கி வாருங்கள் என்று பூவாத்தா அழுது அனுப்பியிருந்தாள். முகப்புக்கு வந்தவன் நிமிர்ந்து பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் அவனைப் பார்த்துக் கண்ணடித்தது.

"அத்தை!"

"உஷ். நான் சரக்கு மாப்பிள்ளை."

"என்ன அத்தை இது கோலம்?"

"கோலம் கிடக்கட்டும். அவ எப்படி இருக்கா?"

"விடியறதுலேர்ந்து வலி. இன்னிக்கே ஆயிடும்போல."

சடைச்சி நாலு கையாலும் பலகையைக் காட்டினாள். "அந்தப் பலகையைப் படிச்சீங்கல்ல? ஓடிப்போய் வீட்டுல ஏதாவது பழைய கம்பளி இருந்தா கொண்டு வாங்க. எதுவா இருந்தாலும் சரி. ஓடுங்க!"

"நம்ம வீட்டுல ஏது பழைய கம்ப…" என்று ஆரம்பித்த கொம்பையா பாதியில் நிறுத்தினான். கண் அகலமாயிற்று. கொம்பை ஆட்டிக்கொண்டு ஓடினான்.

அவன் முதுகு மறையவும் ஓநாய் கடைக்குள் நுழையவும் சரியாக இருந்தது. நேரே சடைச்சியிடம் வந்து மூக்கை வைத்து ஒரு முறை ஆழமாக இழுத்தது. "நல்ல சரக்கு. போட்டுப் பார்க்கணும். டிரயல் ரூம் இருக்கா?"

"பின்னால இருக்கு சார்," என்றார் மாசிலாமணி.

"கதவுக்குத் தாழ்ப்பாள்?"

"உள்பக்கம் இருக்கு சார்."

"ரொம்ப நல்லது."

வாயைத் திறந்து கத்தினால் அவள் ஆடு. ஆடென்றால் கத்தரி. கத்தாவிட்டால் தாழ்ப்பாள். சடைச்சி வரிசையைப் பார்த்தாள். ஐந்தாவது ஆளாக, பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றவர் யார்? உடும்பு ஏகாம்பரம்! தான் எழுதிய டிரெண்டைத் தானே நம்பி, நாலு கை ஸ்வெட்டர் வாங்க வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் சாவடியில் அவர் ஓநாயிடம் சொன்னது அவள் காதில் மணியடித்தது.

"இங்கேயே ஒரு தரம் மேலாகப் போட்டு அளவு பார்த்துடுங்க சார்," என்றார் மாசிலாமணி. ஓநாய் அவளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றது. வயிற்றடியில் பொத்தானை மாட்டப் பார்த்தது. சடைச்சி மூச்சை உள்ளே இழுத்தாள். வயிறு முதுகெலும்பில் ஒட்டும்வரை இழுத்தாள். பொத்தான் எட்டவில்லை.

"கொஞ்சம் பிடிக்குது," என்றது ஓநாய்.

"உள்ளே ஒண்ணு போட்டிருக்கீங்களே சார். அதைக் கழட்டிட்டா கச்சிதமா உட்காரும். உங்க உடம்பு வாகுக்கு இது எடுத்து வெச்ச மாதிரி இருக்கு."

ஓநாய் ஒரு கணம் யோசித்தது. ஆனால் அதன் மூக்கிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் சடைச்சியின் கழுத்து. மூன்று நாள் பசி. யோசனை எச்சிலோடு ஒழுகிப் போயிற்று. போர்த்தியிருந்த தோலை உருவிக் கீழே எறிந்தது.

பல்லும் நகமும் வாலுமாக முழு ஓநாய் கடை நடுவில் நின்றது. வரிசையில் முயல் இருந்தது, மான் இருந்தது. ஒருத்தரும் ஓடவில்லை, ஓடினால் வரிசையில் இடம் போய்விடும்.

"கழட்டிட்டான்!" என்று ஓர் அலறல். ஏகாம்பரம் பாய்ந்து வந்து ஓநாயின் பின்னங்காலைப் பற்றினார். உடும்புப் பிடி. "உடம்பை விட்டுக் கழன்ற கம்பளி! பொத்தான் எண்ணிக்கை: சைபர்! தடை செய்யப்பட்ட கச்சாச் சரக்கைக் கடைக்குள் இறக்கிய குற்றம்!"

"யோவ், நான் ஓநாய்யா! கடிச்சிடுவேன்!"

"கடி. அதுக்கு என்கிட்ட படிவம் இல்லை. கம்பளிக்கு இருக்கு."

ஓநாயை மூன்றாண்டு சிறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஆட்டைக் கொன்றதற்கு அல்ல. அதில் பொத்தான் தைக்காததற்கு. கொழுந்தன் மாடசாமியைச் சுருட்டி, 'கச்சாக் கம்பளி, ஒன்று' என்று சீட்டு ஒட்டி ஏகாம்பரம் எடுத்துக்கொண்டு போனார். துணி அழக்கூடாது என்பதால் சடைச்சி அழவில்லை. அவளுடைய அலங்காரம் மட்டும் கொஞ்சம் ஈரமாயிற்று.

சிறிது நேரத்தில் மூச்சிரைக்கக் கொம்பையா வந்து சேர்ந்தான். முதுகில் தன்னைப் பெற்ற தாய் வெள்ளையம்மாவைத் தூக்கி வந்திருந்தான்.

"இந்தாங்க. பழைய கம்பளி."

மாசிலாமணி பிரித்துப் பார்த்தார். "நிறைய ஓட்டையா இருக்கே?"

"எந்த நிலையில இருந்தாலும்னு பலகையில போட்டிருக்கீங்க."

"என்ன சம்பந்தி, நல்லா இருக்கீங்களா?" என்றாள் வெள்ளையம்மா, மேலே தொங்கியவளைப் பார்த்து.

"இருக்கேன் சம்பந்தி. உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எனக்கென்ன கஷ்டம்? இருபது வருஷமா இவங்கப்பன் குரலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. இங்கே ஒரு நாள் தொங்கினா ஓய்வு. நீங்க ஓடுங்க, புள்ள துடிக்குது."

மாசிலாமணி துணிகள் பேசுவதைக் காதில் வாங்கவே இல்லை. லைசென்ஸில் அதற்கு இடமில்லை. ரசீது எழுதி நீட்டினார்: 'மாமியார் சைஸ், ஒன்று. பரிமாற்றம் செய்யப்பட்டது. திரும்பப் பெற மாட்டோம்.' கொம்பையா சடைச்சியை முதுகில் போட்டுக்கொண்டு மலையேறினான். வீட்டு வாசலில் அவளை இறக்கவும் உள்ளே குட்டி பூமியைத் தொடவும் சரியாக இருந்தது. வழுவழுவென்று, நனைந்த பூனை மாதிரி ஒரு பெண் குட்டி. பனிக்காற்று உள்ளே நுழைவதற்குள் சடைச்சி அதை நாலரைக் கிலோவுக்குள் இழுத்துச் சுருட்டிக்கொண்டாள்.

"அம்மா, எப்படிம்மா விட்டாங்க உன்னை?" என்றாள் பூவாத்தா.

சடைச்சி தன் மூன்று பொத்தானில் ஒன்றைப் பல்லால் பிய்த்து, குட்டியின் இளங்கம்பளியில் தைத்துக்கொண்டிருந்தாள். லேகியம் அதற்கப்புறம்தான்.

வெள்ளையம்மா என்ன ஆனாள் என்று கேட்காமல் விடமாட்டீர்கள். மறுநாள் அவளைச் சிரைத்து நூலாக்குவதற்கு மாசிலாமணி கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது கொக்கு உள்ளே வந்தது. அந்து அரித்த ஓட்டைகளைப் பார்த்துச் சொக்கிப்போய், "இது எங்கே கிடைச்சுது? புதுசா இருக்கே!" என்றது. பக்கத்து மரத்திலிருந்த மரங்கொத்தி அதைக் கேட்டுவிட்டது. பொழுது சாய்வதற்குள் மேல்காட்டில் எல்லாரும் ஒளித்து வைத்திருந்த இரண்டு கை ஸ்வெட்டரை எடுத்துக் கல்லால் உரசி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொம்பையா போய் அழைத்தும் வெள்ளையம்மா வீட்டுக்கு வரவில்லை. "வர்றவங்க எல்லாம் என்னைத் தடவித் தடவிப் பார்த்து ஆகா ஓகோங்கறாங்கடா. உங்கப்பன் ஒரு நாள் சொன்னதுண்டா?" என்றாளாம். கீழ்க்காட்டில் மிச்சமிருந்த முன்னூறு செம்மறிகளும் சடைச்சியின் வழியே புளியங்கொட்டையோடு பாலத்துக்கு வந்து நிற்கின்றன. முத்துவீரு முதுகில் இப்போது ஒரு முள்கூட இல்லை. மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறான்.

*

நீதி: ஆளைப் பார்த்து ஏமாறாதீர்கள், பொத்தானை எண்ணிப் பார்த்து ஏமாறுங்கள், ரசீதாவது கிடைக்கும்.

*

கேட்டீர்களல்லவா, அதோடு விடுங்கள். யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் மரங்கொத்தி தட்டியது என்று சொல்லிவிடுங்கள். என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். ஏகாம்பரம் தேடிக்கொண்டு வந்துவிடுவார். அவர் கண்ணுக்கு என் தலையில் இருக்கும் பதினொன்றும் கச்சாச் சரக்கு. பொத்தான் தைத்துத் தப்பிக்கலாமென்றால், அங்கே ஊசி நுழையப் பிடிமானம் ஏது?